சூரியனும் பேண்டும்: கொடைக்கானல் மலையில் ஒரு ஹாமிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு ஹாம், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவன். ஞாயிறு காலை நெட் (ஹாம்கள் ஒரே அதிர்வெண்ணில் கூடிப் பேசும் கூட்டம்) முடிந்து ரிக்கை, அதாவது ரேடியோ செட்டை, அணைப்பதற்குள் என் போனில் நாலைந்து செய்தி வந்திருக்கும். திண்டுக்கல், பெரியகுளம், வத்தலகுண்டு, பழநி என்று அடிவாரத்து ஊர்களில் புதிதாக உரிமம் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும். ஆள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, போனில் சொன்ன பதில்களை ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படித்து வந்தால் பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் எளிதாகப் பிடிபடும்.

அண்ணே, நான் பேசுற ரேடியோவுக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்?

எச்எஃப்-இல், அதாவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, உங்கள் குரல் தொலைதூரம் போவது மேலே பட்டுத் திரும்பி வருவதால்தான். திருப்பி அனுப்புவது அயனி மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. அப்படிப் பிரிந்து திரியும் எலக்ட்ரான்கள்தான் அலையை வளைக்கின்றன. சூரியன் ஊக்கமாக இருந்தால் எலக்ட்ரான் கூடும், சோம்பினால் குறையும்.

இதில் மூன்று அடுக்குகளைத் தெரிந்துகொண்டால் போதும். 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு, அதற்கு மேல் 100 கிலோமீட்டரை ஒட்டி ஈ அடுக்கு, 200 முதல் 400 கிலோமீட்டர் வரை எஃப் அடுக்கு. டி அலையைத் தின்னும், எஃப் அலையைத் திருப்பும். டி அடுக்கு பகலில் மட்டும் இருக்கும், சூரியன் மறைந்ததும் கரைந்துவிடும். எஃப் இரவிலும் நிற்கும், ஆனால் மெலியும். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியைப் பற்றியதுதான். இன்னொன்று, ஹாம்கள் பேசும் அதிர்வெண் துண்டுகளை பேண்டு என்கிறோம், அலைநீளத்தால் பெயர் சொல்கிறோம். 40 மீட்டர் என்றால் 7 மெகாஹெர்ட்ஸ், 20 என்றால் 14, 10 என்றால் 28. மீட்டர் கூடினால் அதிர்வெண் குறையும்.

ரெண்டு மீட்டர்ல கையடக்க செட்டை வச்சே மதுரைக்குப் பேசுறேனே, அதையும் சூரியன் கெடுக்குமா?

கெடுக்காது. அது நேர்க்கோட்டில் போகிற அலை. மலை விளிம்பில் நின்றால் வைகை அணை வரை கண்ணுக்கே தெரிகிறது, அலைக்குத் தெரியாமல் இருக்குமா! இரண்டு மீட்டரில் சில நாள் வழக்கத்துக்கு மீறி வெகுதூரம் கேட்டால் அது கீழ்வளிமண்டலத்தில் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக நிற்பதால் வருவது. சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளான சூரியப் புள்ளிகளுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

காலை நெட்ல மதுரை பக்கத்து வீடு மாதிரி கேக்குது. விடியக்காலை நாலரைக்குக் கூப்பிட்டா ஆளே இல்ல, இந்தோனேசியாக்காரர்தான் வர்றார். ரிக் ரிப்பேரா?

ரிக் நன்றாகத்தான் இருக்கிறது. 40 மீட்டரில் மதுரைக்குப் பேசும்போது அலை கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போய், எஃப் அடுக்கில் பட்டு, நேராகக் கீழே இறங்குகிறது. நடுவில் மலை இருந்தாலும் தாண்டிவிடும். செங்குத்தாகப் போகும் அலையைத் திருப்ப அடுக்குக்கு நல்ல அடர்த்தி வேண்டும். எவ்வளவு மெகாஹெர்ட்ஸ் வரை திருப்ப முடியுமோ அதைத்தான் மாறுநிலை அதிர்வெண் என்கிறார்கள். பகலில் அது 7-ஐத் தாண்டி நிற்கும். சூரியன் இல்லாத இரவு முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்தான் அடிமட்டத்தைத் தொடும்.

அந்த நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸை மேலே விட்டால் அடுக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். சாய்வாகப் போகும் அலைக்கு மட்டும் அந்த அடர்த்தி போதும். சாய்வாகப் போனது வெகுதூரத்தில்தான் இறங்கும், அதனால் மதுரை போய் இந்தோனேசியா வருகிறது. டி அடுக்கும் இல்லாததால் வழியில் தின்னவும் ஆள் இல்லை. விடியக்காலையில் மதுரை வேண்டுமென்றால் 80 மீட்டருக்கு இறங்குங்கள்.

எஸ்எஃப்ஐ, சன்ஸ்பாட் நம்பர், கேபி, ஏ... இதுல எதைத்தான் பார்க்கிறது?

எஸ்எஃப்ஐ என்பது சூரியனிலிருந்து 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அதாவது 2800 மெகாஹெர்ட்ஸில், வரும் ரேடியோ இரைச்சலின் அளவு. கனடாவில் பென்டிக்டன் என்ற இடத்தில் அவர்களுடைய உச்சிப்பொழுதில் அளக்கிறார்கள். நமக்கு அப்போது இரவு ஒன்றரை மணி. அதனால் காலையில் நீங்கள் பார்க்கும் எண் ஏறக்குறைய புதியதுதான். சூரியன் உறங்கும் காலத்தில் இது 65, 70 என்று கிடக்கும். உச்சத்தில் 200-ஐத் தாண்டும். எஃப் அடுக்கின் வலிமைக்கு இது நல்ல அடையாளம்.

சூரியப் புள்ளி எண்ணில் பலர் ஏமாறுவதுண்டு. எண் 11 என்றால் பதினோரு புள்ளி என்று பொருளில்லை. புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதோடு தனிப் புள்ளிகளைக் கூட்டுவதுதான் கணக்கு. ஒரே ஒரு புள்ளி இருந்தால் அது ஒரு கூட்டம், ஒரு புள்ளி. ஆக 11.

கேபி, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓர் எண். உலக நேரப்படி போடுவதால் நம் கணக்கில் காலை 5:30 முதல் 8:30 வரை ஒரு கட்டம், 8:30 முதல் 11:30 வரை அடுத்தது என்று வரும். ஏ என்பது அதே கலக்கத்தை நாள் முழுவதற்கும் சேர்த்துச் சராசரி ஆக்கியது. சுருக்கமாக, எஸ்எஃப்ஐ கூடினால் நல்லது, கேபி கூடினால் கெட்டது. ஆனால் இந்தச் சுருக்கம் நம் மலையில் முழுசாகப் பொருந்தாது. ஏன் என்பது கீழே வருகிறது.

எஸ்எஃப்ஐ எவ்வளவு இருந்தா பத்து மீட்டர் திறக்கும்?

என் லாக்கை (பேசியதைக் குறித்து வைக்கும் ஏட்டை) வைத்துச் சொல்கிறேன். 100-ஐத் தாண்டியதும் பகலில் காது கொடுக்கத் தொடங்கலாம். 140-க்கு மேல் வாரக்கணக்கில் நிலைத்தால் பெரும்பாலான நாள் திறக்கும். நிலைத்தால் என்பது முக்கியம். ஒரே நாள் 120-லிருந்து 180-க்குத் தாவியதைப் பார்த்து ஓடி வராதீர்கள். அது பிளேர், அதாவது சூரியனில் திடீர் வெடிப்பு, நடந்த நேரத்தில் அளந்த எண்ணாகவும் இருக்கலாம்.

நேத்து பதினோரு மணிக்கு ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருக்கும்போதே பேண்டே துடைச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு தானா வந்துச்சு. என்னாச்சு?

சூரியப் பிளேர். இதை நேரில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஒருமுறை நடுப்பகலில் 20 மீட்டரில் கென்யாக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் எட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் தன் ஊர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முள் சரியத் தொடங்கியது. இரண்டு நிமிடத்தில் குரலோடு பேண்டின் இரைச்சலும் சேர்ந்து வற்றிவிட்டது. ஆண்டெனாவைக் கழற்றி வைத்தால் எப்படி ஒரு வெறுமை கேட்குமோ அப்படி. கை தானாக, ஆண்டெனாவுக்குப் போகும் கம்பியான கோஆக்ஸைத் தொட்டுப் பார்த்தது. இறுக்கமாகத்தான் இருந்தது.

பிளேரின் எக்ஸ் கதிர் ஒளி வேகத்தில் எட்டு நிமிடம் இருபது வினாடியில் வந்து, பகல் பக்கத்து டி அடுக்கை ஊதிப் பெருக்கிவிடுகிறது. எஃப் அடுக்கு மேலே நன்றாகவே இருக்கிறது, ஆனால் அலை அங்கே போய்த் திரும்பும் வழியில் டி தின்றுவிடுகிறது. 1930களில் டெல்லிங்கர் என்ற அமெரிக்கர் இந்தத் திடீர் மங்கலைச் சூரிய வெடிப்போடு சேர்த்து ஆராய்ந்ததால் டெல்லிங்கர் விளைவு என்றும் சொல்வார்கள். பிளேர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. சி வகை நமக்குத் தெரியாமலே போய்விடும். எம் வந்தால் கீழ் பேண்டுகளில் உணரலாம். எக்ஸ் வந்தால் கேள்வியே இல்லை.

அப்போது செய்ய வேண்டியது மேலே ஏறுவது. டி அடுக்கு தின்னும் அளவு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். 7 மெகாஹெர்ட்ஸில் டெசிபலில் எவ்வளவு இழப்போ, 14-இல் அதில் நாலில் ஒன்று, 28-இல் பதினாறில் ஒன்று. அதனால் கடைசியாகச் சாவதும் முதலில் பிழைப்பதும் பத்து மீட்டர்தான். 40 மீட்டர் கடைசியில்தான் திரும்பும்.

ராத்திரி பத்து மணிக்கு எக்ஸ் பிளேர்னு எச்சரிக்கை வந்துச்சு. எனக்கு ஒண்ணுமே ஆகலையே?

நீங்கள் இருட்டில் இருந்தீர்கள். மேலே சொன்னபடி அது பகல் பக்கத்து வேலை. அந்த நேரத்தில் அமெரிக்காக்காரர்களுக்குத்தான் பேண்ட் போயிருக்கும்.

அப்ப பிளேரும் காந்தப்புயலும் ஒண்ணுதானா?

இல்லை, இரண்டும் வேறு. இந்தக் குழப்பம்தான் எனக்கு அதிகம் வருகிறது. பிளேர் என்பது ஒளி. எட்டு நிமிடத்தில் வந்து, மணிக்கணக்கில் முடிந்துவிடும். காந்தப்புயல் என்பது பூமியின் காந்தப்புலம் கலங்குவது. அதைக் கொண்டுவருவது சிஎம்இ என்கிற பொருள் வீச்சு. சூரியன் தன் மேலுறையிலிருந்து கோடிக்கணக்கான டன் அயனி வாயுவைக் காந்தப்புலத்தோடு சேர்த்து எறிகிறது. அது இங்கே வந்து சேர ஒரு நாளிலிருந்து மூன்று நாலு நாள் ஆகும். 1859 செப்டம்பர் 1-ஆம் தேதி கேரிங்டன் என்ற ஆங்கிலேய வானியலாளர் கண்ணால் பார்த்த பிளேரைத் தொடர்ந்து வந்த புயல் பதினேழரை மணி நேரத்திலேயே பூமியை எட்டியது. அது அபூர்வம். பெரிய பிளேரோடு சிஎம்இயும் சேர்ந்து கிளம்புவது வழக்கம்தான், ஆனால் கட்டாயம் இல்லை. கிளம்பினாலும் நம் பக்கம் வர வேண்டும் என்பதில்லை.

வந்து மோதினாலும், அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் புலத்தோடு கோத்துக்கொண்டு பெரும் புயலாகும். வடக்கு நோக்கி இருந்தால் தட்டிவிட்டுப் போய்விடும். எந்தப் பக்கம் என்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலங்களைக் கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். நம் ஆதித்யா எல்1 கலமும் 2024 ஜனவரி 6 முதல் அங்கேதான் இருக்கிறது. சூரியக் காற்று வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அங்கிருந்து நம்மை எட்ட ஒரு மணி நேரம். 800 என்றால் அரை மணி. புயலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் உறுதியான முன்னறிவிப்பு அவ்வளவுதான்.

புயல் வருதுன்னா ரிக்கைக் கழட்டி வைக்கணுமா? எரிஞ்சிடுமா?

எரியாது. காந்தப்புயல் தொந்தரவு செய்வது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மின்கம்பிகளுக்கும் குழாய்களுக்கும். 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக் மாகாணமே இருளில் மூழ்கியது அப்படித்தான். உங்கள் இருபது மீட்டர் நீளக் கம்பியில் அது ஒன்றும் செய்யாது. மலையில் ரிக்கை எரிப்பது இடி மின்னல். சித்திரை கோடைமழைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் மேகம் கறுக்கும்போதே கோஆக்ஸைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கேபி 6-ன்னு போட்டிருக்கு. பேண்ட் செத்திருக்கணும்ல? எனக்கு ஆஸ்திரேலியாவும் ஆப்பிரிக்காவும் நல்லா கேக்குதே!

நல்ல கவனிப்பு. கேபி எண்ணைக் கணக்கிடப் பயன்படும் 13 நிலையங்களும் காந்த அட்சரேகை 44 முதல் 60 பாகைக்குள் இருப்பவை. ஐரோப்பா, வட அமெரிக்காவை ஒட்டியவை அதிகம். நம்மைப் போல நடுக்கோட்டுப் பகுதியில் இருக்கும் ஒன்றுகூட அதில் இல்லை. அது பெரும்பாலும் வடக்கத்தியர் வீட்டுக் காய்ச்சலைச் சொல்லும் வெப்பமானி. நமக்கும் காய்ச்சலா என்பதை நாமே தொட்டுப் பார்க்க வேண்டும்.

புயலின்போது முதலில் அடிபடுவது துருவத்தை ஒட்டிய பாதை. கொடைக்கானலிலிருந்து நியூயார்க்குக்கு மிகக் குறுகிய வழி ஏறக்குறைய 335 பாகையில், ரஷ்யா, ஸ்காண்டிநேவியா மேலாகப் போகிறது. கலிபோர்னியாவுக்கு 20 பாகையில், சைபீரியாவின் வடகிழக்கு மூலை வழியாக 70 பாகை வட அட்சம் வரை ஏறி இறங்குகிறது. இரண்டுமே துருவ ஒளி வளையத்தை உரசும் பாதைகள். அதனால் கேபி 5-ஐத் தொட்டதும் அமெரிக்கக் குரல்கள் நடுங்கி, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கரகரத்து மறையும். கென்யா, தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா, பெர்த் பக்கம் போகும் பாதைகள் அந்த வளையத்துக்கு அருகில்கூடப் போவதில்லை. ஆகவே கேபி கூடின நாளில் ஆண்டெனாவைத் தெற்கே, கிழக்கே, மேற்கே பாருங்கள். வடக்கை ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

பெரிய புயலில் நமக்கும் பங்கு உண்டு. அப்போது நான் பார்ப்பது, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லும் டிஎஸ்டி என்ற எண். அதைக் கணக்கிடும் நிலையங்கள் தாழ்ந்த அட்சரேகைகளில் இருப்பதால் நம் பக்கத்துக்கு நெருக்கமானது. மைனஸ் 100 நானோடெஸ்லாவுக்குக் கீழே போனால் பெரிய புயல்.

காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கோம்ங்கிறீங்களே, அதனால நமக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிக் கடக்கிறது. 1963 நவம்பர் 21-இல் தும்பாவில் முதல் ராக்கெட்டை விட்டார்களே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். கொடைக்கானல் அதற்குச் சில பாகை வடக்கே. இங்கே பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் படுத்திருக்கின்றன. அதனால் பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் அயனிகளை நேராக மேலே தூக்குகிறது. தூக்கிய அயனிகள் நீரூற்றுப் போலக் காந்தக் கோடுகள் வழியாக வடக்கேயும் தெற்கேயும் வழிந்து, 15 பாகைக்கு அருகில் குவிகின்றன. வடக்கே அந்தக் குவியல் அகமதாபாத் பக்கம் விழுகிறது. இதை ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1946-இல் எடுத்துக்காட்டினார்.

லாபம் என்னவென்றால், நம் வடக்கும் தெற்கும் அடர்ந்த இரண்டு மேடுகள் இருப்பதால் வடக்கு–தெற்குப் பாதைகள் நமக்கு எளிதாகத் திறக்கின்றன. வடக்கத்திய நூல்கள் மூடிவிட்டது என்று சொல்லும் எஸ்எஃப்ஐயில்கூட இங்கே பத்து மீட்டரில் உயிர் இருக்கும். நஷ்டம், உச்சிப்பொழுதில் நம் தலைக்கு நேர் மேலே எஃப் அடுக்கில் ஒரு பள்ளம் விழும். காலை பத்து மணிக்கு இருந்த கூர்மை ஒரு மணிக்கு மழுங்குவது அதனால்தான். கூடவே சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் டி அடுக்கின் தீனியும் நமக்கு அதிகம்.

இன்னொரு நஷ்டம் மாலையில். சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கு சட்டென்று உயர்ந்து, அதன் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழ்கள் கொதிக்கிற பாலில் வருவதுபோல மேலெழும். மார்ச் – ஏப்ரல், செப்டம்பர் – அக்டோபர் மாதங்களில், அதிலும் சூரிய உச்சக் காலத்தில் அதிகம். இரவு ஏழரை முதல் நள்ளிரவு வரை எச்எஃப்-இல் குரல் படபடவென்று துடிக்கும். செயற்கைக்கோள் வழியாகப் பேசினால் சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். ஜிபிஎஸ்கூடத் தடுமாறும். ரிக்கில் கோளாறு தேடாதீர்கள், நள்ளிரவுக்குமேல் தானாக அடங்கும். ஆறு மீட்டரில் நடுக்கோட்டைத் தாண்டிப் பேசும் அற்புதம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கோட்டுக்கு இருபுறமும் ஓரளவு சம தூரத்தில் தள்ளி இருக்கும் இருவருக்கிடையே நடப்பது அது. குஜராத்காரர்களுக்கு வாய்க்கும் அளவு கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் நமக்கு வாய்க்காது.

2024 மே மாசப் புயல்ல லடாக்ல வானம் செவந்துச்சே, நம்ம மலைல என்ன ஆச்சு?

மே 10-ஆம் தேதி இரவு, நம் நேரப்படி பத்தரை மணியை ஒட்டி முதல் அடி விழுந்தது. கேபி 9 வரை போய், இருபது ஆண்டுகளில் காணாத புயலாயிற்று. டிஎஸ்டி மைனஸ் 400-ஐயும் தாண்டிக் கீழே போனது. லடாக்கில் ஹான்லேயில் சிவப்பு ஒளி படமாகப் பதிவானது. கொடைக்கானல் வானத்தில் அப்படி எதிர்பார்க்க வழியில்லை, அவ்வளவு தெற்கே இருக்கிறோம்.

நான் மறுநாள் விடிந்ததும் கேட்டேன். 20 மீட்டரில் வடக்கே ஒருவரும் இல்லை. 40-இல் நெட்டுக்கு வழக்கமாக வரும் குரல்கள் வந்தன, ஆனால் ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கினார்கள். ஒரே புயல் ஒரு நேரத்தில் நம் அடுக்கை உயர்த்தி வளமாக்கும், அடுத்த கட்டத்தில் நொறுக்கும். புயல் தொடங்கும்போது இங்கே பகலா இரவா என்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதனால் போன புயலில் நடந்ததை வைத்து அடுத்ததைச் சொல்ல நான் துணிவதில்லை.

கொடைக்கானல்லயே அப்சர்வேட்டரி இருக்கே, அவங்க பார்க்கிறதுக்கும் நம்ம பேண்டுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. 1899-இல் தொடங்கி 1901-இல் வேலை ஆரம்பித்த நிலையம் அது. 1904 முதல் சூரியனின் வெண்ணொளிப் படங்கள் அங்கே சேர்ந்து வந்திருக்கின்றன. நூறாண்டைத் தாண்டி ஒரே இடத்தில் எடுத்த வரிசை என்பதால் உலகில் எங்கே சூரியச் சுழற்சியை ஆராய்ந்தாலும் இதைத் தேடி வருகிறார்கள். சூரியப் புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டது இந்த மலையில்தான். காந்தப்புலத்தையும் அயனி மண்டலத்தையும் அளக்கும் பதிவுகளும் இங்கே நெடுங்காலம் நடந்திருக்கின்றன. பெரிய பிளேர் வெடித்தால் காந்தமானியின் கோட்டில் ஒரு சிறு கொக்கி விழும். நம் பேண்ட் வற்றுவதும் அந்தக் கொக்கியும் ஒரே நேரத்தில் நடப்பவை.

பக்கத்து மலையையும் சொல்ல வேண்டும். ஊட்டி முத்தோரையில் 1970-இல் வேலைக்கு வந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமான சரிவுள்ள மலையைத் தேடிக் கட்டியது. தொலைவிலுள்ள ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றின் வழியாக மினுக்குவதை 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, வரும் வழியிலேயே சிஎம்இயைப் பின்தொடர அதனால் முடிகிறது. நம் பக்கத்து மலைகளிலேயே இப்படிப்பட்ட இடங்கள் இருக்கும்போது, வெளிநாட்டுத் தளத்தின் மூன்று எண்களை மட்டும் பார்த்துவிட்டு ரிக்கை அணைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு நாள் ஏறி வந்து அப்சர்வேட்டரி அருங்காட்சியகத்தைப் பாருங்கள்.

மலைல இன்டர்நெட் சிக்னலே நிக்காது. நம்பர் எதுவும் பார்க்காம பேண்ட் திறந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

14.100 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். உலகெங்கும் 18 பீக்கன் (அடையாளச் சிக்னல் அனுப்பும்) நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தலைக்குப் பத்து வினாடி என்று, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று அனுப்புவதற்கான ஏற்பாடு அது. அழைப்புக் குறியை மோர்ஸில் சொல்லி, பிறகு 100 வாட், 10 வாட், 1 வாட், கடைசியில் 0.1 வாட் என்று நாலு நீண்ட ஒலி. இதே முறை 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸிலும் உண்டு. இலங்கை, கென்யா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், பின்லாந்து எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஏதாவது ஒரு நிலையம் சில காலம் நின்றிருக்கக்கூடும், அதனால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கடைசி ஒலி வரை கேட்டால் பத்தில் ஒரு பங்கு வாட்டே கண்டம் தாண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம். பின்லாந்து மட்டும் மறைந்து கென்யா கேட்டால், கேபி பற்றி மேலே சொன்னது நடக்கிறது. எல்லாமே ஒரே நேரத்தில் மறைந்தால் பிளேர். எண்ணே தேவையில்லை.

எல்லா நம்பரும் நல்லா இருக்கு, மத்தவங்க பேசுறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணுமே கேக்கல. ஏன்?

அப்போது சூரியனை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். ஓர் ஐப்பசியில் பத்து நாள் எனக்கு 20 மீட்டர் மந்தமாகவே இருந்தது. கேபி 4, 5 என்று ஆடிக்கொண்டிருந்த வாரம் என்பதால் புயல் என்றே எழுதி வைத்தேன். கேபி 1-க்கு இறங்கியும் மாறவில்லை. தைலமரத்திலிருந்து டைபோலை (இரண்டு கை கொண்ட கம்பி ஆண்டெனாவை) இறக்கி, நடுவில் கோஆக்ஸ் சேரும் இடத்தைச் சீவினேன். உள்ளே பின்னல் கம்பி கறுத்து, பச்சை பூத்து, விரலால் நசுக்கியதும் தண்ணீர் சொட்டியது. நம் மலைப் பனியும் சாரலும் டேப்பின் ஊசிமுனை இடைவெளி வழியாகக்கூட இறங்கிவிடும். இப்போது ரப்பர் டேப்பைச் சுற்றி, மேலே சாதாரண டேப் ஒரு சுற்று, கோஆக்ஸைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டுத்தான் கட்டுகிறேன்.

இன்னொன்று இரைச்சல். ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் உங்கள் எல்இடி பல்போ சார்ஜரோதான். விழாவிட்டால் பக்கத்துக் காட்டேஜின் அலங்கார விளக்காக இருக்கலாம். போய்ப் பக்குவமாகப் பேசினால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

கிரே லைன்ல அரை மணி நேரம் டிஎக்ஸ் அள்ளலாம்னு படிச்சேன். எனக்குப் பத்து நிமிஷம்கூட நிக்கல.

கிரே லைன் என்பது பகலும் இரவும் சந்திக்கும் அந்திக் கோடு, டிஎக்ஸ் என்பது தொலைதூரத் தொடர்பு. நீங்கள் படித்தது உயர்ந்த அட்சரேகைக்காரர் எழுதியது. அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்திப்பொழுது நீளும். நமக்கு செங்குத்தாக விழுகிறது, அந்தி சட்டென்று முடிகிறது. 40, 80 மீட்டரில் சூரியன் எழுவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே தயாராக உட்காருங்கள். டி அடுக்கு இன்னும் உருவாகாமல், எஃப் மட்டும் வெயில் படத் தொடங்கும் அந்தச் சிறிய சந்துதான் நமக்குக் கிடைப்பது.

கிரகணம் வந்தா பேண்ட் மாறுமா?

மாறும். நிழல் விழும் சில நிமிடங்களுக்கு டி அடுக்கு மெலிகிறது. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணிவாக்கில் வளையக் கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியாகப் போனபோது 40 மீட்டரில் தொலைவிலுள்ள நிலையங்கள் மெதுவாக எழும்பி மறுபடி அமிழ்வதைக் கேட்டேன். அடுத்த முறை படம் எடுப்பவர்கள் எடுக்கட்டும், நீங்கள் ரிக்கின் முன்னால் உட்காருங்கள்.

இந்தச் சுழற்சி உச்சம் 2024-லயே முடிஞ்சிடுச்சுங்கிறாங்க. இப்பப் போய் பத்து மீட்டருக்கு ஆண்டெனா கட்டுறது வீண்தானே?

25-ஆவது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது, சராசரி உச்சம் 2024 அக்டோபரை ஒட்டி வந்தது. சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் ஒரு சுழற்சி சுமார் 11 ஆண்டு, ஏறுவதைவிட இறங்குவது மெதுவாக நடக்கும். அதனால் உச்சம் கடந்தது என்றால் மறுநாளே பேண்ட் மூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். இறங்குமுகத்தில் சூரியனின் கொரோனாத் துளைகளிலிருந்து (அதன் வெளிமண்டலத்தில் அடர்த்தி குறைந்த இடங்களிலிருந்து) வேகக் காற்று வருவது அதிகமாகும். சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற நம் பார்வையில் 27 நாள் ஆவதால் அதே துளை அதே தொந்தரவோடு திரும்பி வரும். கேபி கூடின தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, 27 நாள் கழித்து இன்னொரு வட்டம் போட்டுப் பாருங்கள். பல முறை பொருந்தும்.

பத்து மீட்டர் டைபோல் மொத்தமே ஐந்து மீட்டர் கம்பி. கைக்கு இரண்டரை மீட்டர். மூங்கில் கழி, நைலான் கயிறு, வீட்டில் மிச்சம் கிடக்கும் மின்கம்பி போதும். காந்த நடுக்கோட்டருகே இருப்பதன் லாபத்தை மேலே சொல்லியிருக்கிறேன், அது சுழற்சியின் பள்ளத்திலும் நம்மை முழுசாகக் கைவிடாது. கம்பியைக் கிழக்கு மேற்காக இழுத்துக் கட்டுங்கள், வடக்கும் தெற்கும் அதற்குக் குறுக்கே விழும். இந்த ஞாயிறு நெட் முடிந்ததும் 28.200-இல் பத்து நிமிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.